பிள்ளைகள் நிறைந்த வீடும் தமிழ்த் திரையின் நகைச்சுவையும்

(சேலத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பல குழந்தைகள் ஒரே கூரையின் கீழ் வளரும் குடும்பத்தைக் கதைப்பொருளாகக் கொண்ட ஹாஸ்யப் படங்களைப் பற்றி இன்று பேச எண்ணியிருக்கிறேன். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது தகுந்த விஷயந்தானா என்ற ஐயம் தங்களிற் சிலருக்கு எழுமானால் அதில் வியப்பில்லை. அரசர்களின் போரையும் காதலர்களின் பிரிவையும் ஆராய்வதற்கு எவ்வளவு சிரத்தை வேண்டுமோ, ஒரு தாய் ஏழு தட்டுகளை வரிசையாக வைத்து ஒருவருக்கும் குறையாமல் சோறு பரிமாறும் காட்சியை ஆராய்வதற்கும் அவ்வளவு சிரத்தை வேண்டும் என்பது என் கொள்கை. இந்த நகைச்சுவை மரபின் உயிர் பங்கீட்டில் இருக்கிறது. அதன் குறையும் பங்கீட்டிலேயே இருக்கிறது. எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்தவளுக்குப் பங்கு கிடைக்காமற்போனதே அக்குறை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவை யாவும் இதன் விளக்கம்.

1. சேலமும் சினிமாவும்

சேலத்தில் நின்று சினிமாவைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் வணங்க வேண்டிய பெயர் டி. ஆர். சுந்தரம் அவர்களுடையது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய திருச்செங்கோட்டிலே 1907ல் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய அவர், 1930களின் நடுவில், ஏற்காடு மலைக்குச் செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் ஸ்டூடியோவை நிறுவினார். 1937ல் ‘சதி அகல்யா’வில் தொடங்கி, மலையாளத்தின் முதற் பேசும் படமாகிய ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) முதலாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு இன்றும் அச்சாலையில் நிற்கிறது. கலைஞர்களுக்கு மாதச் சம்பளம், குறித்த நேரத்தில் வேலை, குறித்த செலவில் படம் என்று ஒரு நூற்பாலையை நடத்துகிற ஒழுங்கோடு சுந்தரம் அதை நடத்தினார் என்பது திரையுலகம் அறிந்த செய்தி.

அந்த ஸ்டூடியோ பெரும்பாலும் வீரக்கதைகளையும் மாயக்கதைகளையும் துப்பறியும் கதைகளையுமே தந்தது; நான் எடுத்துக்கொண்ட வகைப் படத்துக்கு அதில் முதலிடம் இருந்ததில்லை. ஆனால் அப்படங்களைப் பார்க்க வந்தவர்கள் யார்? ராசிபுரம், ஆத்தூர், சங்ககிரி, பரமத்தி வட்டாரங்களின் டூரிங் கொட்டகைகளில், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்த தரை டிக்கெட் ஜனங்களிற் பெரும் பகுதியினர் கைக்குழந்தை மடியிலும் நடக்கிற குழந்தை பக்கத்திலும், அதற்கு மூத்தவை முன்வரிசையிலுமாக வந்த குடும்பத்தினர். இடைவேளையில் முறுக்கு விற்பவன் வரும்போது, ஒரு முறுக்கை எத்தனை துண்டாக உடைக்கலாம் என்பதிலே அந்தத் தாய்மார்கள் காட்டிய சாமர்த்தியம் திரையில் ஓடிய எந்த மாய வித்தைக்கும் தாழ்ந்ததன்று. பிள்ளைகள் நிறைந்த வீட்டின் ஹாஸ்யம் திரைக்கு வருமுன்னரே திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது.

2. எள்ளாத நகை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஒருவனை இகழ்வதால் சிரிப்பு வருகிறது. அறியாமையால் சிரிப்பு வருகிறது. இவற்றை எந்த நாட்டு இலக்கண ஆசிரியனும் கண்டிருப்பான். இளமையைத் தனியே எடுத்து நகைக்கு ஒரு வாயிலாக வைத்ததுதான் நம் ஆசிரியரின் நுட்பம். தன் மழலையும் குறும்பும் பிறருக்குச் சிரிப்பூட்டுவதை அறியாமலே சிரிப்பூட்டும் குழந்தையிடத்தில், சிரிக்கிறவனுக்கு மேலிடமும் இல்லை, சிரிக்கப்படுகிறவனுக்குக் கீழிடமும் இல்லை. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி, எல்லாச் செல்வமும் வாய்ந்த ஒருவனுக்கும் உணவைத் தன்மேல் சிந்திக்கொள்ளும் குழந்தை இல்லையேல் வாழ்வில் பயன் இல்லை என்று பாடியதும் இந்த இளமை நகையின் பெருமையை உணர்ந்தே ஆகும்.

நம் நாடகமேடையிலும் ஆரம்பகாலப் படங்களிலும் வந்த ஹாஸ்யத்திற் பெரும்பகுதி எள்ளலைச் சார்ந்தது. திக்குவாயனையும் பருமனானவளையும் வேலைக்காரனையும் ஏசிச் சிரித்தது. பிள்ளைகள் நிறைந்த வீட்டைக் காட்டிய படங்களிலோ எள்ளல் பின்னுக்குச் சென்று இளமை முன்னுக்கு வந்தது. குடும்பமாய் வந்து உட்கார்ந்து பார்த்த ஜனங்கள் அவற்றில் தங்களையே கண்டு, தங்கள் வறுமைக்காக வெட்கப்படாமல் சிரிக்க முடிந்தது.

3. நூலால் அறுத்த முட்டை

இந்த ஹாஸ்யத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள நம் பக்கத்து நெசவாளர் வீடு ஒன்றை மனக்கண்ணால் பார்ப்போம். சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் தறி ஓடிய வீடுகளில் தந்தை தறிக்குழியில் கால் விட்டு நெய்ய, பிள்ளைகள் தார் சுற்றினார்கள். பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றாத பிள்ளைக்குப் பொரி கிடையாது. அவ்வீட்டில் அபூர்வமாய் முட்டை அவிக்கும் நாளில், தாய் கத்தியை எடுப்பதில்லை. கத்தி மஞ்சட்கருவை உதிர்த்துவிடும். தறிக்கருகில் கிடக்கும் நூலில் ஒரு முழம் எடுத்து, முட்டையைச் சுற்றி இறுக்கி இழுப்பாள். கரு சிதறாமல் முட்டை இரு பாதியாகும். இன்னொரு முறை இழுத்தால் நான்காகும். எந்தத் துண்டு பெரியது என்று எட்டுக் கண்கள் அளந்துகொண்டிருக்க, அந்தப் பங்கீட்டில் ஒரு நீதிபதியும் பிழை காண முடியாது. தீபாவளிக்குத் துணி எடுப்பதும் அவ்வாறே: ஒரே தானில் வாங்கிய துணியிலே ஆண்பிள்ளைகள் அனைவருக்கும் சட்டையும் மிஞ்சியதில் கடைசிப் பெண்ணுக்குப் பாவாடையும் தைக்கப்படும், தெருவில் எங்கே கண்டாலும் எந்த வீட்டுப் பிள்ளை என்பது துணியிலேயே தெரிந்துவிடும்.

இதே காட்சியை வேறொரு நாட்டில் வேறொரு வகையாகக் காணலாம். அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்ற பொறியாளர், செங்கல் அடுக்கும் கொத்தனாரின் கையசைவுகளை எண்ணி, வீணானவற்றை நீக்கி, வேலையைச் சுருக்கும் முறையை வகுத்தவர். தொழிலாளியின் அசைவுகளை ஆராய்வதற்குச் சினிமாக் காமிராவையே கருவியாக்கியவர். அவருக்குப் பன்னிரண்டு குழந்தைகள். தொழிற்சாலைக்கு வகுத்த முறையையே அவர் வீட்டுக்கும் வகுத்ததை அவருடைய பிள்ளைகளில் இருவர் 1948ல் நூலாக எழுத, அது 1950ல் ‘சீப்பர் பை தி டஜன்’ என்ற படமாயிற்று. பிள்ளைகள் நிறைந்த வீட்டு ஹாஸ்யப் படங்களுள் அது பேர்பெற்ற ஒன்று. ஆலையின் ஒழுங்கைச் சினிமாவுக்குக் கொணர்ந்தவர் சேலத்துச் சுந்தரம். சினிமாவை ஆலையின் ஒழுங்குக்குப் பயன்படுத்தியவர் கில்பிரெத். எண்ணிக்கை பெருகும் இடத்தில் ஒழுங்கு தேவைப்படுகிறது; அந்த ஒழுங்கைக் குழந்தை மீறுகிறது; அந்த மீறலில் ஹாஸ்யம் பிறக்கிறது. இந்த மூன்று படிகளை விட்டு இவ்வகைப் படம் ஒன்றும் இயங்குவதில்லை.

4. தமிழில் வந்த மூன்று வீடுகள்

தமிழில் இம்மரபின் சிறந்த எடுத்துக்காட்டுகளாக மூன்று படங்களைக் கூறுவேன்.

முதலாவது, 1966ல் ஜெமினி நிறுவனத்தார் எஸ். எஸ். பாலன் இயக்கத்தில் வெளியிட்ட ‘மோட்டார் சுந்தரம் பிள்ளை’. 1959ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தின் கருவைத் தழுவி இந்தியில் 1963ல் ‘கிரஹஸ்தி’ வந்தது. அதன் தமிழ் வடிவம் இது. அப்பொழுது நாற்பது வயதும் நிரம்பாதிருந்த சிவாஜி கணேசன், வயதுவந்த பெண்களும் சிறு பிள்ளைகளுமாக ஒரு பெரிய குடும்பத்தின் தந்தையாய் நடித்தார். அந்தத் தந்தைக்கு இரு ஊர்களில் இரு குடும்பங்கள் என்பதே கதையின் முடிச்சு. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டமும், தேசமெங்கும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் இருதாரத்தை விலக்கிய பிறகு வந்த படம் அது. சட்டம் மூடிவிட்ட ஒரு பழைய வீட்டின் கதவைப் படம் சிறிது நேரம் திறந்து காட்டிற்று. பிள்ளைகளின் கலகலப்பு இல்லாதிருந்தால் ஜனங்கள் அதை எட்டிப் பார்க்கவும் கூசியிருப்பார்கள்.

இரண்டாவது, 1967ல் கே. பாலசந்தர் எழுதி இயக்கிய ‘பாமா விஜயம்’. டி. எஸ். பாலையா தாத்தாவாகவும், மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவரும் மகன்களாகவும், சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி மூவரும் மருமக்களாகவும் நடித்த இப்படத்தில், அடுத்த வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறாள். அவள் முன்னே பெருமையாய்த் தோன்ற வேண்டும் என்பதற்காக, மாதச் சம்பளத்தில் காலந்தள்ளிய அந்தக் கூட்டுக் குடும்பம் கடனுக்குச் சாமான்களை வாங்கிக் குவித்து வரவு செலவுக் கணக்கிலே தடுமாறுகிறது. கூடத்திலே குழந்தைகளும் பெரியவர்களும் ஆடிப்பாடிக்கொண்டு வரவையும் செலவையும் எண்ணும் அந்தப் பாட்டுக் காட்சி, நம் மத்தியதர வர்க்கத்தின் வீட்டுப் பொருளாதாரத்தை எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் தெளிவாக எடுத்துரைத்தது. அங்கே வில்லன் இல்லை. ஆசை ஒன்றே வில்லன். தாத்தா வகுக்கும் தீர்ப்பினால் எவரும் அவமானப்பட்டு வெளியேறுவதுமில்லை. எள்ளலின்றி ஹாஸ்யம் நடத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, 1980ல் வந்த ‘மழலைப் பட்டாளம்’. பாலசந்தரின் மேற்பார்வையில் நடிகை லட்சுமி இயக்கிய இப்படம், கன்னடத்திலும் ‘மக்கள சைன்ய’ என்ற பெயரோடு வெளிவந்தது. தமிழில் விஷ்ணுவர்தனும் சுமித்ராவும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தார்கள். இதற்கு மூலம் 1968ல் வந்த ‘யுவர்ஸ், மைன் அண்ட் அவர்ஸ்’ என்ற ஆங்கிலப் படம். அப்படத்துக்கு மூலம் ஓர் உண்மை வாழ்க்கை: பத்துப் பிள்ளைகளோடு மனைவியை இழந்த ஒரு கடற்படையினரும், எட்டுப் பிள்ளைகளோடு கணவனை இழந்த ஒரு பெண்மணியும் 1961ல் மணந்துகொண்டார்கள். தமிழ்ப் படத்திலும் இரு தரப்புப் பிள்ளைகளும் இரு சேனைகளாக நின்று போர் தொடுக்கிறார்கள்.

அந்தப் போரில் நாம் சிரிக்கிற சிரிப்பின் அடியில் நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுடைய தாயாகிய ஒரு விதவை மறுமணம் செய்துகொள்வதை, அழுகையும் பிரசங்கமும் நிறைந்த படங்களில் எத்தனையோ ஆண்டுகளாக நம் ஜனங்கள் தயக்கத்தோடு பார்த்தார்கள். இப்படத்திலோ, ‘இத்தனை பிள்ளைகளை ஒரு வீட்டில் எப்படித் தூங்கவைப்பார்கள்?’ என்ற கவலையிலே மனம் முழுதும் செல்வதால், ‘இவள் மணக்கலாமா?’ என்ற கேள்வியே எழுவதில்லை. சமூகச் சீர்திருத்தக்காரர் பல கூட்டங்களில் வாதாடி நிறுவ முயன்ற ஒன்றை, குழந்தைகளின் ரகளை வாதமின்றி நிறுவிவிட்டது. இளமை நகைக்கு இத்தகைய சக்தி உண்டு என்பதையும், ஒரு பெண் இயக்குநரின் கையிலே அது வாய்த்தது என்பதையும் நாம் மறத்தல் தகாது.

5. சிரிப்பு மறைத்தவள்

இனி, இம்மரபு சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். நான் சற்று முன் சொன்ன முட்டையின் நான்கு துண்டுகளும் நான்கு பிள்ளைகளுக்குப் போயின. அறுத்தவளுக்கு மிஞ்சியது நூலில் ஒட்டிய கரு. அவளுக்கு அடுத்தபடியாக, அடுப்பருகில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மூத்த பெண்ணுக்கு எந்தத் துண்டு வந்தது? பிள்ளைகள் நிறைந்த வீடுகள் அனைத்திலும் தாய்க்கு மறு உருவம் மூத்த பெண். அவள் பள்ளியை விட்டதனால் தம்பிமார் பள்ளிக்குப் போனார்கள். ஹாஸ்யப் படங்களில் அவள் சிரித்த முகத்தோடு ஒரு மூலையில் நிற்கிறாள். அவளைப் பற்றிய கதை மட்டும் அங்கே இல்லை.

அந்தக் கதையைச் சொல்லப் பாலசந்தரே ஹாஸ்யத்தைக் கைவிட வேண்டியிருந்தது. ‘பாமா விஜயம்’ எடுத்த அதே கைகள் 1973ல் ‘அரங்கேற்றம்’ எடுத்தன. வைதிக வறுமையும் அடங்காத பிள்ளைப்பேறும் கூடிய ஒரு வீட்டின் மூத்த மகள், குடும்பத்தைக் காப்பதற்காகத் தன் உடலையே விலையாக்குகிறாள். அவள் அனுப்பிய பணத்தால் தலையெடுத்தவர்களே உண்மை தெரிந்தபின் அவளை ஒதுக்குகிறார்கள். அடுத்த ஆண்டு ‘அவள் ஒரு தொடர்கதை’யில், உத்தியோகம் பார்த்து வீட்டைத் தாங்கும் பெண்ணுக்கு அவ்வீடு தன் வாழ்வைத் தொடங்க விடுதலை தருவதில்லை. ஒரே கலைஞர் ஒரே வகை வீட்டை ஒரு முறை சிரித்தும் இரு முறை கலங்கியும் பார்த்தார் என்றால், அந்த வீட்டுக்கு இரு முகங்கள் இருந்தன என்பதே அதன் பொருள். ஒரு முகத்தை மாத்திரம் காட்டுவது அரை உண்மை.

கில்பிரெத் குடும்பத்திலும் இதுவே நிகழ்ந்தது. முதற்படம் தந்தையைப் பற்றியது. அவர் 1924ல் மறைந்தபின், டாக்டர் பட்டம் பெற்ற பொறியியல் அறிஞராகிய அவர் மனைவி லில்லியன், பிள்ளைகளைத் தனியே வளர்த்தும், கணவரின் தொழிலைத் தொடர்ந்து நடத்தியும், பிற்பாடு பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் விளங்கினார். அவருக்காக 1952ல் இரண்டாவது படம் ஒன்று வந்தது. நம் மொழியில், நான் அறிந்த வரையில், தாய்க்கும் மூத்த மகளுக்கும் அந்த இரண்டாவது படத்தை ஹாஸ்ய ரஸத்தோடு எவரும் இன்னும் எடுத்துத் தரவில்லை.

6. பிள்ளைகள் குறைந்தபின்

இந்தியா 1952ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அரசுக் கொள்கையாக ஏற்றது. சென்னை அரசு 1950களின் பிற்பகுதியிலேயே அதில் முனைந்து நின்றது. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் பஸ்ஸின் பின்புறத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதப்பட்ட அதே காலத்திலேதான், நான் கூறிய படங்கள் கொட்டகைகளை நிரப்பின. பிள்ளைகள் நிறைந்த வீடு நம்மிடமிருந்து விடைபெறும் வேளையில் அதை மனங்குளிரப் பார்த்துச் சிரித்து அனுப்பி வைத்தோம் என்று சொல்வது பொருந்தும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. கொங்குச் சீமையிலோ, ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களை ஊர்தோறும் காணலாம்.

இது முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரசவத்திலே மாண்ட தாய்மார்களையும், பெயரிடுமுன் புதைத்த சிசுக்களையும் நினைக்கிற எவரும் பழைய எண்ணிக்கை திரும்ப வேண்டும் என்று விரும்பமாட்டார்கள். ஆயினும் எண்ணிக்கை குறைந்த வேளையிலே இந்த மண்ணில் நேர்ந்த ஒரு பெரும் பாவத்தைச் சேலத்தில் நின்று பேசும் ஒருவன் மறைத்தல் ஆகாது. பிள்ளைகள் குறைவாகப் போதும் என்றவர்களிற் சிலர், பெண்ணாகப் பிறந்தவற்றைக் குறைத்தார்கள். பெற்றோர் கைவிடும் பெண் சிசுக்களை அரசு ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் இந்தச் சேலத்திலே தொடங்கப்பட வேண்டியிருந்தது, அதன் காரணமாகத்தான். நிறைந்த வீட்டில் மூத்த பெண்ணுக்குப் பங்கு குறைந்தது; குறைந்த வீட்டிலோ பெண் பிறப்பதற்கே இடம் குறைந்தது. இரண்டும் ஒரே அநீதியின் இரு காலத்து வடிவங்கள். இவ்விஷயத்தில் சிரிப்புக்கு இடமில்லை. ஆனால் நகைச்சுவை எழுத முன்வருகிறவனுடைய நெஞ்சில் இது இருந்தாக வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு இடம் கிடைப்பதைப் பற்றிப் பேசும்போது ஒருவரை நினைக்க வேண்டும்: எட்டாவது மகவாகப் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. மோகனூரில் 1888ல் அந்த எட்டாவது குழந்தைக்கும் இடம் கிடைத்ததனால் தமிழுக்கு ஒரு கவி கிடைத்தார். அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ 1954ல் திரைப்படமாகவும் வந்தது. எட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இது வாதமாகாது. பிறந்த குழந்தை எத்தனையாவதாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், முழுப் பங்குக்கு உரியது என்பதற்கே வாதமாகும்.

7. இனி வரவேண்டிய படம்

பிள்ளைகள் கூட்டமாய் வாழும் இடம் இன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. வீட்டில் இல்லை, விடுதியில் இருக்கிறது. நாமக்கல்லும் ராசிபுரமும் திருச்செங்கோடும் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்குப் பேர்போனவை. வீட்டில் ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்தவர்கள் அங்கே நூற்றுக்கணக்கில் ஒன்றாய் உண்டு, ஒன்றாய் உறங்கி, விடியுமுன் எழுந்து படிக்கிறார்கள். கில்பிரெத்தின் ஒழுங்கைவிடக் கடுமையான ஒழுங்கு அங்கே நிலவுகிறது. ஆனால் பங்கிட்டுக்கொள்வதற்கு மாறாக, மதிப்பெண்ணால் ஒருவரை ஒருவர் முந்துவதே அங்கே பாடம். கூட்டம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது. குழந்தை அதை மீறும்போது அன்போடு சிரித்துப் பொறுக்கும் பெரியவர் இல்லை. அந்தச் சிரிப்பு இல்லாத ஒழுங்கு பிள்ளைகளின் மனத்தை எவ்வளவு இறுக்குகிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காட்டி நம்மைச் சிரிக்கவும் திருந்தவும் வைக்கும் படம் ஒன்று அந்த விடுதிகளிலிருந்து வரவேண்டும்.

இன்னொரு படமும் வரவேண்டும். ஏழு பிள்ளைகள் நிறைந்த வீட்டின் கதையை மூத்த பெண்ணே சொல்ல, தந்தையின் கண்டிப்பும் தம்பிமாரின் ரகளையும் பாட்டியின் புலம்பலும் அவள் பார்வையிலே விரிய, அவளும் விழுந்து விழுந்து சிரிக்கிற படம். அதற்கு வேண்டிய பாத்திரங்களும் பேச்சும் சம்பவங்களும் இந்த மாவட்டங்களின் பாட்டிமார் நினைவில் இன்னும் உயிரோடிருக்கின்றன. இவ்வவையிலுள்ள மாணவர்கள் இந்த விடுமுறைக்குள் தத்தம் பாட்டியிடமோ பெரியத்தையிடமோ உட்கார்ந்து, உடன்பிறந்தார் எத்தனை பேர், யார் யாரைத் தூக்கி வளர்த்தார்கள், எந்தப் பண்டத்தை எப்படிப் பங்கிட்டார்கள், எதற்காக அடித்துக்கொண்டார்கள், தனக்கென்று எதைக் கேட்டுக் கிடைக்காமற்போயிற்று என்பவற்றை அவர்கள் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நல்ல ஹாஸ்யத்துக்கு நுட்பமான விவரமே மூலதனம். அந்த மூலதனம் ஆண்டுக்காண்டு நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

பங்கிட்டவளுக்கும் பங்கு தருகிற நகைச்சுவையே முழு நகைச்சுவை. நம் முன்னோர் தந்த எள்ளாத சிரிப்பை ஏற்று, அவர்கள் விட்ட பங்கைச் சேர்த்துக்கொடுப்பது நம் தலைமுறையின் கடமை.